தேர்தலுக்கு நாள் குறிப்பவர் யார்?

இலங்கையின் புகையிரத நிலையங்களுள் மிக உயரத்தில் அமைந்திருப்பது பட்டிப்பொல. கடல் மட்டத்துக்கு மேல் 6,226 அடி. நானுஓயாவிலிருந்து அப்புத்தளைக்குப் பாதை திறக்கப்பட்ட 1893ஆம் ஆண்டுக்குப் பின்னர், மூடுபனியையும் சுரங்கங்களையும் கடந்து வரும் வண்டியே சுற்றுப்புறத் தோட்டங்களுக்கு வெளியுலகத் தொடர்பாக விளங்கியது. புகையிரதத்துக்குக் கால அட்டவணை உண்டு. வண்டி சுணங்கினாலும் வரவேண்டிய நேரம் இன்னதென்பது யாவருக்கும் தெரியும். பாராளுமன்றத் தேர்தலுக்கோ அத்தகைய அட்டவணை இந்நாட்டில் நெடுங்காலம் இருந்ததில்லை. இத்தனை ஆண்டுக்கு மேற்படலாகாது என்ற எல்லை மட்டுமே இருந்தது. அந்த எல்லைக்குள் நாளைத் தெரிந்தெடுக்கும் உரிமை ஆளுவோர் கையில் இருந்தது. எல்லையையே நகர்த்தும் வல்லமையும் சில வேளைகளில் அவர்களிடம் இருந்தது.

தேர்தல் நாளைச் சட்டத்தினாலேயே நிலையாகக் குறித்துவிடலாமா என்பது பாராளுமன்ற ஆட்சி முறையைக் கைக்கொண்ட நாடுகள் பலவற்றிலும் எழுந்த வினாவாகும். நோர்வே நாட்டில் பாராளுமன்றத்தை இடையிலே கலைக்க எவருக்கும் அதிகாரமில்லை. நான்காண்டுக்கு ஒருமுறை செப்டெம்பர் மாதத்தில் அங்கே மக்கள் வாக்களிக்கின்றனர். கனடா 2007ஆம் ஆண்டில் ஒக்டோபர் மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை என்று சட்டம் வகுத்தது. மறு ஆண்டிலேயே பிரதமரின் ஆலோசனைப்படி இடைத்தேதியில் தேர்தல் நடந்தது. சட்டம் பழைய அதிகாரத்தைத் தொடாமல் விட்டிருந்ததே காரணம். பிரித்தானியாவின் அனுபவம் இன்னும் சுவையானது. 2011ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்தாண்டுக்கொருமுறை மே மாத முதல் வியாழக்கிழமையே தேர்தல் நாள் என்றது. முன்னதாக நடத்துவதற்கு மூன்றிலிரண்டு பங்கு அங்கத்தவரின் இசைவு வேண்டும் என்றது. 2017இல் அந்த இசைவு எளிதிலே கிடைத்துவிட்டது. 2019இல் பெரும்பான்மை இழந்த அரசாங்கம் மும்முறை கேட்டும் கிடைக்கவில்லை. ஆளவும் முடியாமல், மக்களிடம் போகவும் முடியாமல் அவ்வரசாங்கம் திணறியது. இறுதியில் சாதாரணப் பெரும்பான்மையால் தனிச் சட்டமொன்று நிறைவேற்றித் தேர்தலுக்குப் போயினர். 2022இல் மூலச் சட்டமே நீக்கப்பட்டது.

நாள் குறித்தலை ஆதரிப்போர் கூறும் நியாயம் எளிதில் விளங்கக் கூடியது. ஓட்டப் பந்தயத்தில் ஓடுபவனே வெடியும் போடுவதென்றால் அப்பந்தயம் நேர்மையாகாது. விலைவாசி குறைந்த மாதம் பார்த்து, எதிர்க்கட்சி பிளவுபட்டிருக்கும் வேளை பார்த்து, சபையைக் கலைப்பது ஆளுங் கட்சிக்கு இலாபம். தேர்தல் அதிகாரிகளுக்கும் வாக்காளர் இடாப்பைத் திருத்துவோருக்கும் முன்னறிவிப்பு இருப்பதும் நன்று. மறுப்போர் சொல்வதும் புறக்கணிக்கத் தக்கதன்று. நம்பிக்கை இழந்த மந்திரிசபை, நாள் வரவில்லை என்ற ஒரே காரணத்தால் நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருக்க நேரிடும். தேர்தல் நாள் நெடுமுன்னரே தெரிந்தால் பிரசாரமும் நெடுமுன்னரே தொடங்கும். கடைசி ஆண்டு வரவு செலவுத் திட்டம் முழுவதும் வாக்குக்கு வீசும் தூண்டிலாகும்.

இந்த வாதங்களை இலங்கையின் வரலாற்றில் வைத்துப் பார்த்தால் எதிர்பாராத ஓர் உண்மை புலப்படும். முன்கூட்டித் தேர்தல் வைத்தவர்கள் அதனால் பெரும்பாலும் நன்மை அடையவில்லை. நாட்டுக்குக் கேடு விளைந்தது பெரும்பாலும் தேர்தல் பிந்தியபோதே.

சோல்பரி அரசியல் யாப்பின்படி பிரதிநிதிகள் சபையின் ஆயுள் ஐந்தாண்டு. அதற்குள் பிரதம மந்திரியின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி சபையைக் கலைக்கலாம். 1956ஆம் ஆண்டு பெப்ரவரியில் சேர் ஜோன் கொத்தலாவலை சபையைக் கலைப்பித்தார்; ஓராண்டுக்கு மேற்பட்ட ஆயுள் சபைக்கு எஞ்சியிருந்தது. ஏப்ரல் 5, 7, 10 ஆகிய மூன்று நாட்களில் வாக்களிப்பு நடந்தது. ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை எட்டே ஆசனங்கள். நாளைத் தெரிந்தெடுத்தவரையே அந்த நாள் வீழ்த்தியது.

பின்வந்த ஆண்டுகளில், கலைக்கும் அதிகாரம் நாட்டுக்குப் பயன்பட்டதும் உண்டு. 1960 மார்ச் 19ஆம் திகதி நாடெங்கும் ஒரே நாளில் முதன்முறையாகப் பொதுத் தேர்தல் நடந்தது. எக்கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. டட்லி சேனாநாயக்கா அமைத்த சிறுபான்மை அரசாங்கம் ஏப்ரல் 22ஆம் திகதி சிம்மாசனப் பிரசங்கத்தின் மீதான வாக்கெடுப்பிலே தோற்றது. மூன்று மாதம் கழியுமுன், ஜூலை 20ஆம் திகதி, மக்கள் மீண்டும் வாக்களித்துத் தெளிவான தீர்ப்பைத் தந்தனர். 1964 டிசெம்பர் 3ஆம் திகதி ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் ஒரே வாக்கினால் தோற்றபோதும் வழி அதுவாகவே இருந்தது. 1965 மார்ச்சில் தேர்தல் வந்தது. நோர்வேயின் விதி இங்கே இருந்திருந்தால், 1960 ஏப்ரலில் தோற்ற சபையை வைத்துக்கொண்டு பேரம் பேசுவதைத் தவிர வேறு வழி இருந்திராது.

ஆனால், இந்தத் தேர்தல்களையெல்லாம் பட்டிப்பொல, நானுஓயா, தலவாக்கலை, அட்டன் பகுதித் தோட்டங்களிலிருந்து நோக்குவோருக்கு வேறொரு கணக்குத் தெரியும். 1956, 1960, 1965 ஆகிய ஆண்டுகளில் நாடு முழுவதும் வாக்களித்தபோது, கொழுந்து பறித்த மக்களிற் பெரும்பாலோர் இடாப்பில் பெயரின்றி நின்றனர். தேர்தல் முந்தி வந்தாலென்ன, பிந்தி வந்தாலென்ன என்ற நிலை அவர்களுடையது.

தொடக்கத்தில் அவ்வாறில்லை. டொனமூர் சீர்திருத்தத்தின்கீழ் 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது, தோட்டத் தொழிலாளருள் ஒரு பகுதியினருக்கும் வாக்குக் கிடைத்தது. அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்ற பெரி சுந்தரம் தொழில் மந்திரியாகவும் பணியாற்றினார். 1936இல் அதே தொகுதி கோ. நடேசையரை அனுப்பியது. அந்த 1936ஆம் ஆண்டுச் சபை, உலகப் போரைக் காரணங்காட்டி நீட்டப்பட்டு, 1947 வரை இருந்தது. பதினோராண்டுக் காலம் பொதுத் தேர்தல் இல்லை. தோட்டங்களில் தொழிற்சங்கங்கள் வேரூன்றிய காலம் அது. இந்தியாவிலிருந்து வந்தோரின் குடியுரிமை பற்றிய பேச்சுவார்த்தைகள் நடந்து முறிந்த காலமும் அதுவே. இவை யாவும் 1936இல் தெரிவான சபையின் காலத்திலேயே நடந்தேறின. போரின்போது பிரித்தானியப் பாராளுமன்றமும் தன் ஆயுளை நீட்டிக்கொண்டது உண்மையே. 1935இல் தெரிவான அச்சபை பத்தாண்டு இருந்தது. எனினும் அங்கே ஜெர்மனி சரணடைந்த இரு மாதத்துக்குள் மக்கள் வாக்களித்துவிட்டனர். இங்கே போர் முடிந்து மேலும் இரண்டாண்டு சென்றது.

1947இல் தேர்தல் நடந்தபோது, ஓகஸ்ட் 23 தொடங்கிச் செப்டெம்பர் 20 வரை, பத்தொன்பது நாட்களில் வாக்களிப்பு நிகழ்ந்தது. இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. நுவரெலியாவில் செள. தொண்டமானும், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும், கொட்டகலையில் கே. குமாரவேலுவும், நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கமும், மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தாவும் வெற்றி பெற்றனர். பதுளை, அலுத்நுவர ஆகிய இரு தொகுதிகளும் அக்கட்சிக்கே கிடைத்தன.

இந்த ஏழுபேர் அமர்ந்திருந்த அதே பாராளுமன்றத்தில் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அதே ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம், பிரசைகள் அல்லாதாருக்கு வாக்கில்லை என்றது. இரண்டாவது சட்டத்தின்கீழ் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. அவற்றிற் பெரும்பாலானவை முடிவு காணாது கிடந்த வேளையில், 1952 மார்ச் 22ஆம் திகதி டி. எஸ். சேனாநாயக்கா காலமானார். அவருடைய மகன் டட்லி பிரதம மந்திரியானார். ஏப்ரலில் சபை கலைக்கப்பட்டு, மே மாதக் கடைசி வாரத்தில் தேர்தல் நடந்தது. சபையின் ஆயுள் ஒக்டோபர் வரை இருந்தது. ஏப்ரல் இறுதியில் கொழும்பில் காங்கிரஸ் சத்தியாக்கிரகம் தொடங்கியது. இடாப்பு மாறவில்லை. புதிய சபையில் காங்கிரஸ் அங்கத்தவர் ஒருவரும் இல்லை. 1953இல் கோமறைக் கழகமும், கோடகன் பிள்ளை வழக்கில், அச்சட்டங்கள் செல்லும் எனத் தீர்த்தது.

அந்த 1952ஆம் ஆண்டுத் தேர்தல் ஒக்டோபருக்கெனச் சட்டத்தால் நிலைநிறுத்தப்பட்டிருந்தால் விளைவு மாறியிருக்குமா? ஐந்து மாதத்தில் எட்டு இலட்சம் பேரின் கோரிக்கையை விசாரிக்கும் வேகம் அக்காரியாலயத்துக்கு இருந்ததில்லை; பத்தாண்டு கழிந்தும் மிகப் பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டே இருந்தனர். ஆகவே, நாளைக் குறிப்பது மட்டும் நாதியற்றவனுக்கு வாக்கைத் தந்துவிடாது. இடாப்பைத் திறந்து வைத்த பின்னரே நாளின் பெருமையைப் பேசலாம். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. ஐந்து வாரத்தில் அந்த அரசாங்கமே கவிழ்ந்தது. மறு மார்ச்சில் நாடு அவ்வரசாங்கத்துக்குத் தீர்ப்புக் கூறியது. பங்கிடப்பட்டவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு அத்தீர்ப்பில் இடமில்லை.

இனி, பிந்திய தேர்தல்களின் கதை. 1970 மே மாதத்தில் தெரிவான சபை 1975இல் கலைந்திருக்க வேண்டும். 1972 மே 22ஆம் திகதி குடியரசு யாப்பு நடைமுறைக்கு வந்தபோது, அந்நாளிலிருந்து ஐந்தாண்டுக்கு அதே அங்கத்தவர்கள் இருக்கலாம் என்று அவர்களே விதித்துக்கொண்டனர். 1716இல் பிரித்தானியப் பாராளுமன்றம் செய்ததும் இதுவே. மூன்றாண்டுக்கெனத் தெரிவான சபை, தன் ஆயுள் ஏழாண்டு என்று தானே சட்டம் இயற்றியது. இருநூறாண்டு கழிந்து 1911இல்தான் அது ஐந்தாகக் குறைந்தது. இலங்கையில் இந்த நீடிப்பை எதிர்த்து 1975இல் ஜே. ஆர். ஜயவர்த்தன தம் ஆசனத்தைத் துறந்து, இடைத் தேர்தலில் மீண்டும் வென்றார். தோட்டப் பகுதிகளுக்கு அந்த இரண்டாண்டுகள் வெறும் எண்ணிக்கையல்ல. உணவுத் தட்டுப்பாட்டால் லயங்களில் பசியும் சாவும் மிகுந்த காலத்தை அடுத்து வந்தவை அவை. 1975இல் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. நிலம் எவருக்குப் பங்கிடப்படும் என்ற அச்சம் மலைநாடெங்கும் பரவியது. அத்தகைய வேளையில் மந்திரிமாரை மக்கள் முன் நிறுத்த வேண்டிய நாள் இரண்டாண்டு தள்ளிப் போயிற்று. அதே காலத்தில் இந்தியாவிலும் நெருக்கடி நிலையின்கீழ் லோக சபையின் ஆயுள் ஓராண்டு வீதம் இருமுறை நீட்டப்பட்டது. 1977இல் இரு நாட்டு மக்களும், சில மாத இடைவெளியில், நீட்டியவர்களைத் தோற்கடித்தனர்.

1977 ஜூலை 21ஆம் திகதித் தேர்தலில் நுவரெலியா-மஸ்கெலியா மும்மை அங்கத்தவர் தொகுதியின் மூன்றாம் அங்கத்தவராகத் தொண்டமான் தெரிவானார். 1947க்குப் பின் தோட்டத் தொழிலாளரின் வாக்கினால் ஒருவர் பாராளுமன்றம் புகுவதற்கு முப்பது ஆண்டு பிடித்தது. இடைக்காலத்தில் நியமன அங்கத்தவர்களே இருந்தனர். நியமனம் பெற்றவர் நியமித்தவரைப் பார்த்தே பேச வேண்டும்.

அடுத்து நடந்தது வியப்புக்குரியது. நீடிப்பை எதிர்த்து ஆசனந் துறந்த அதே ஜயவர்த்தன, ஜனாதிபதியானபின், தம் பாராளுமன்றத்தை நீட்டினார். 1982 ஒக்டோபரில், பதவிக் காலம் முடியுமுன்னரே, ஜனாதிபதித் தேர்தலை நடத்தி வென்றார். டிசெம்பர் 22ஆம் திகதி, பொதுத் தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. ஆம் என்போருக்கு விளக்கு, இல்லை என்போருக்குக் குடம். விளக்குக்கு 54.66 சதவீதம் வாக்குகள் விழுந்தன. இரண்டே மாத இடைவெளியில், ஒரு தேர்தல் முந்தியும் மற்றொன்று பிந்தியும் போனது. நாளைக் கையில் வைத்திருப்பவரின் வல்லமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. 1977இல் தெரிவான சபை 1988 டிசெம்பர் வரை, மீண்டும் பதினோராண்டு, நீடித்தது. அந்தப் பதினோராண்டில் 1983 ஜூலை வன்செயல் தோட்டங்களையும் எரித்தது. நாடற்றோரின் பிரச்சினை 1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்களால் பெரும்பாலும் தீர்க்கப்பட்டது. தொண்டமான் அமைச்சராக இருந்து அச்சட்டங்களுக்காக வாதாடியது மெய். ஆயினும், வாக்குரிமை பெற்ற மக்கள் அவரையோ பிறரையோ மீண்டும் தெரிவதற்கு 1989 பெப்ரவரி வரை காத்திருந்தனர்.

நிலையான நாளை நோக்கி இலங்கை எடுத்த பெரிய அடி 2015ஆம் ஆண்டின் பத்தொன்பதாம் திருத்தமாகும். பாராளுமன்றத்தின் ஆயுள் ஆறிலிருந்து ஐந்தாண்டாகக் குறைந்தது. மூன்றிலிரண்டு பங்கினர் கேட்டாலன்றி, நாலரை ஆண்டு கழியுமுன் ஜனாதிபதி சபையைக் கலைக்கலாகாது என்றும் விதிக்கப்பட்டது. 2018 நவம்பர் 9ஆம் திகதி மைத்திரிபால சிறிசேன சபையைக் கலைத்து, 2019 ஜனவரி 5இல் தேர்தல் என்று வர்த்தமானியில் அறிவித்தார். யாப்பின் வேறோர் உறுப்புரை கலைக்கும் பொது அதிகாரத்தை ஜனாதிபதிக்குத் தருகிறதென்பது அவர் தரப்பு வாதம். மக்களிடமே போகிறோம், இதிலே குற்றமென்ன என்றும் கேட்கப்பட்டது. டிசெம்பர் 13ஆம் திகதி உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாக அக்கலைப்பு யாப்புக்கு முரண் எனத் தீர்ப்பளித்தனர். தேர்தல் வைப்பது எப்போதும் ஜனநாயகமாகாது. குறித்த விதியை மீறி வைக்கும் தேர்தல் ஆள்வோனின் ஆயுதமே என்பது அத்தீர்ப்பால் உறுதியாயிற்று. எனினும் 2020ஆம் ஆண்டின் இருபதாம் திருத்தம் நாலரையை இரண்டரை ஆண்டாகக் குறைத்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தமும் அதையே தொடர்ந்தது. முழுப் பூட்டு அரைப் பூட்டாயிற்று.

நாள் முன்கூட்டித் தெரிவதில் தோட்டத்து வாக்காளருக்குத் தனி நன்மையும் உண்டு. லயக் காம்பிராக்களுக்குத் தனி முகவரி இல்லாத இடங்களில் கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கே வரும். கைக்கு வந்து சேரும் நாள் எவருக்கும் தெரியாது. அடையாள அட்டை இல்லாதவர் பிறப்புச் சான்றிதழ் தேடிக் கச்சேரிக்கு நடக்க வேண்டும். அன்றைய பேரும் போகும், அன்றைய சம்பளமும் போகும். பிள்ளைகளோ கொழும்புக் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கின்றனர். அவர்களுடைய பெயர் ஊரிலே, உடல் நகரிலே. 2024இல் சபை கலைந்த செப்டெம்பர் 24க்கும் வாக்களிப்பு நடந்த நவம்பர் 14க்கும் இடையே இருந்தது 51 நாள். முதலாளியிடம் விடுமுறை கேட்டு, வண்டியில் இடம் பிடித்து, தவறிய பத்திரங்களைத் தேடிச் சேர்க்க அது போதுமா என்பதை நகரத்து வாக்காளர் எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. மாதமும் கவனிக்க வேண்டியதே. 1960, 1977 ஆகிய ஆண்டுகளின் ஜூலைத் தேர்தல்கள் தென்மேல் பருவ மழையின் நடுவே வந்தவை. வாக்குச் சாவடிக்கு மலையிறங்கும் முதியோருக்கு அது வேறொரு பரீட்சை. நாளைச் சட்டம் குறிக்குமானால், மழையையும் சித்திரைப் புத்தாண்டையும் கொழுந்து மிகும் காலத்தையும் பார்த்தே குறிக்கலாம்.

ஆனால் முன்வாசலை மட்டும் பூட்டும் சட்டம் இந்நாட்டுக்குப் போதாது. பின்வாசலே இங்கு அதிகம் திறந்தது. 2015இல் ஆயுள் ஐந்தாண்டாகக் குறைக்கப்பட்டபோதும், எண்பத்து மூன்றாம் உறுப்புரையில் ஆறு என்ற சொல் அப்படியே விடப்பட்டது. ஆறாண்டுக்கு மேல் நீட்டவே சர்வசன வாக்கெடுப்பு வேண்டும் என்பது அதன் வாசகம். அதைத் திருத்தும் மசோதா 2024 ஜூலையில் வர்த்தமானியில் வெளியானது. அப்பாராளுமன்றம் அதை நிறைவேற்றாமலே கலைந்தது. உள்ளூராட்சித் தேர்தலுக்கு 2023 மார்ச் 9 என நாள் குறிக்கப்பட்டிருந்தது. பணமில்லை என்று அது நிறுத்தப்பட்டது. வாக்களிக்கும் உரிமை மீறப்பட்டதென்று 2024 ஓகஸ்ட்டில் உயர் நீதிமன்றம் கூறிய பின், 2025 மே 6ஆம் திகதியே நடந்தது. மத்திய மாகாண சபையின் பதவிக் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. பட்டிப்பொல மக்கள் உள்ளூராட்சிக்கு வாக்களித்த அந்த 2025 மே மாதத்திலும், அம்மாகாண சபைக்குத் தேர்தல் நாள் குறிக்கப்பட்டிருக்கவில்லை.